வலிக்கிற காலா, வலிக்காத காலா? எதற்கு உடனே டாக்டரைப் பார்க்கணும்?

காலையில் எழுந்து தரையில் கால் வைத்ததும் குதிகாலில் 'சுரீர்'னு ஒரு வலி. பத்து அடி நடந்தால் குறைந்துவிடுகிறது. பயந்துபோன மகன் அன்றைக்கே டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறார். அதே வீட்டில், பத்து வருடமாகச் சர்க்கரை உள்ள அப்பாவின் உள்ளங்காலில் ஒரு சின்ன புண். "வலியே இல்லப்பா, தானா ஆறிடும்" என்கிறார்.

இருவரில் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியவர் அப்பாதான். பாத விஷயத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான். வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை எவை, தள்ளிப்போடவே கூடாதவை எவை? பார்ப்போம்.

குதிகால் வலி: முதல் அடிதான் அடையாளம்

குதிகாலில் இருந்து விரல்கள் வரை உள்ளங்காலைத் தாங்கிப் பிடிக்கும் தடித்த சவ்வு ஒன்று இருக்கிறது. அதிக நேரம் நிற்பது, திடீரென ஓட ஆரம்பிப்பது, எடை கூடுவது, தட்டையான தேய்ந்த செருப்பு ஆகியவற்றால் அது குதிகாலில் ஒட்டும் இடத்தில் பாதிக்கப்படும். 'பிளான்டார் ஃபேசியைட்டிஸ்' என்பது இதன் பெயர். எழுந்ததும் வைக்கும் முதல் அடியில்தான் வலி அதிகம்.

எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கு' என்றால் பதற வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் போன்ற வளர்ச்சி இருக்கும். சுவரில் கை ஊன்றி கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, படுக்கையைவிட்டு எழும் முன் துண்டால் விரல்களைப் பின்னோக்கி இழுப்பது, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் உருட்டுவது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுவது எல்லாம் உதவும். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும். ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆறு வாரம் ஆகியும் குறையவில்லை, ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள்.

சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கால் ஆணி

மழைக்காலத்தில் நனைந்த ஷூவோடு நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்தால் விரல் இடுக்கில் தோல் வெளுத்து, அரித்து, உரியும். காரணம் பூஞ்சை. இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, பூஞ்சைக்கான க்ரீமை அரிப்பு நின்ற பிறகும் சில நாள் தொடர்ந்து தடவணும். மெடிக்கலில் சொல்லி வாங்கும் சில கலவை க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் பரவும். வாங்கும் முன் அட்டையைப் படியுங்கள்.

பித்தவெடிப்புக்குக் குளித்த கையோடு யூரியா கலந்த க்ரீமோ வாசலினோ போதும். வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தால் டாக்டர். கால் ஆணி உருவாகக் காரணம் தொடர்ந்து ஒரே இடத்தில் விழும் அழுத்தம். ஷூவை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். பிளேடு வேண்டவே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் ஆசிட் தடவிய கால் ஆணி பிளாஸ்டரையும் ஒட்டக் கூடாது.

சுளுக்கா, முறிவா?

பேட்மின்டன் ஆடும்போது கணுக்கால் மடங்கிவிட்டதா? நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரு பக்க எலும்பை அழுத்தினால் வலி தாங்கவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்கணும். அதுவரை உருவிவிடச் சொல்லாதீர்கள். நடக்க முடிகிறது என்றால் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், க்ரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது போதும்.

வலிக்காத கால் ஏன் ஆபத்து?

இதற்கான பதிலில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று நம்பிய காலம் அது. உணர்ச்சி போனதால் காயம் தெரியாமல், அதே காலில் தொடர்ந்து நடப்பதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் என்று அவர் காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் இதே பாடத்தைப் பொருத்தினார்.

நீண்டகாலச் சர்க்கரை, கால் நரம்புகளை மழுங்கச் செய்யும். செருப்புக்குள் கிடக்கும் சின்ன கல், வெயிலில் காய்ந்த கோயில் பிராகாரம், ஒத்தடத்துக்கு வைத்த வெந்நீர் எதுவும் உறைக்காது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. தொற்று எலும்பு வரை போனால், விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரலாம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மாவுக்கு இதைச் செய்து பாருங்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மொத்தம் ஆறு விரல்களின் நுனியை, ஓரிரு விநாடி மட்டும் லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, ஒரே விரலை மறுபடி தொடக் கூடாது. எந்தக் கால் என்று அவர்கள் சொல்லணும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் தொட்டது தெரியவில்லை என்றால், புண் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்படியே உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்த்துவிடுங்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை

• சர்க்கரை உள்ளவரின் காலில் எந்தப் புண், கொப்புளம் வந்தாலும்: அன்றோ மறுநாளோ.
• அவர்களுக்கு அடிபடாமலே ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி வீங்கினால்: வலி இல்லாவிட்டாலும் அந்தக் காலை ஊன்றாமல் உடனே.
• விரல் கறுத்தாலோ, பாதம் திடீரென வெளுத்துச் சில்லிட்டாலோ: உடனே அவசர சிகிச்சை.
• காயத்தில் இருந்து சிவப்பு பரவி, காய்ச்சலும் இருந்தால்: உடனே.
• ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்: அன்றே. மூச்சுத்திணறலும் சேர்ந்தால் 108.
• இரவோடு இரவாகக் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கினால், அது யூரிக் ஆசிட்டால் வரும் கவுட்டாக இருக்கலாம்: ஓரிரு நாளில்.

யாரைப் பார்ப்பது?

பாதத்துக்கென்றே தனி நிபுணர் நம் ஊரில் குறைவு. குதிகால் வலி, சுளுக்குக்கு எலும்பு மருத்துவர். பூஞ்சை, கால் ஆணிக்குத் தோல் மருத்துவர். சர்க்கரை உள்ளவருக்கு முதலில் சர்க்கரை நோய் மருத்துவர். உணர்ச்சி குறைந்த கால்களுக்கு 'எம்.சி.ஆர். செருப்பு' எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பை அவர்கள் பரிந்துரைப்பார்கள்.

குதிகால் வலிக்கும்போது நாமே டாக்டரைத் தேடிப் போய்விடுவோம். உணர்ச்சி போன காலுக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. அதனால், "வலியே இல்லப்பா" என்று அப்பா சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். காலை நீட்டச் சொல்லிப் பாருங்கள்.