சோவெய் ஆட வருகிறாள்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு மர முகமூடி இருக்கிறது. அகன்ற நெற்றி, தாழ்ந்த கண்கள், இறுக மூடிய சிறு வாய், கழுத்தில் மடிப்பு மடிப்பாய்ச் சதை. உச்சியில் ஓர் ஐரோப்பியத் தொப்பி! 1886இல் லண்டனில் நடந்த காலனிய, இந்தியக் கண்காட்சியில் வைக்கப்பட்ட சோவெய் முகமூடி இது. அழகுதான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பாதிகூட இல்லை. மீதி, சத்தத்தில் இருக்கிறது.

சியரா லியோனின் தெற்கிலும் கிழக்கிலும் வாழும் மெண்டே மக்களிடம் பெண்களுக்கென்றே உள்ள சங்கம் சாண்டே. பெண்பிள்ளைகளை ஊரைவிட்டுத் தள்ளி வைத்து, வெண்களிமண் பூசி, பாட்டும் ஆட்டமும் பழக்கிப் பெரியவர்களாக்கும் சடங்கை அதுதான் நடத்துகிறது. அப்போது சோவெய் ஆட வருவாள். முகமூடியைச் செதுக்குவது ஆண். போட்டு ஆடுவது பெண். ஆப்பிரிக்காவில் மர முகமூடி பெரும்பாலும் ஆண்களின் சொத்து என்பதால், ஆய்வாளர்கள் இதை விடாமல் துரத்தியதில் வியப்பில்லை.

சோவெய் நீருக்கடியிலிருந்து வரும் ஆவி. உடம்பு முழுக்கக் கறுப்பு ராஃபியா நார். தோல் துளியும் தெரியக்கூடாது. வாய் திறந்து பேசவும் மாட்டாள். கூடவே வரும் தோழிதான் பேசுவாள். ஆகவே மற்றதெல்லாம் வாத்தியத்தின் பொறுப்பு. சேக்புலா என்பது சுரைக்குடுக்கை. அதன்மேல் வலை பின்னி விதைகளோ மணிகளோ கோத்திருப்பார்கள். ஒரு கையில் காம்பு, மறு கையில் வலையின் நுனி. இழுத்து ஆட்டினால் 'சரக் சரக்'கென்று தாளம் விழும். ஒருத்தி பாட்டை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மேளத்தின் அடிக்குச் சோவெய்யின் கால் உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். மரத்தலைக்குள்ளிருந்து பார்ப்பதோ சிறு துளை வழியே!

இந்தக் கம்பீரத்தைக் கேலி செய்யவே ஒருத்தி உண்டு: கோண்டே. உருக்குலைந்த முகமூடி, கந்தல் உடை, கோணல் ஆட்டம், சில்லறை கேட்டு நச்சரிப்பு. ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சடங்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெண்ணுறுப்புச் சிதைப்பு அதில் ஒரு பகுதி. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, சியரா லியோனில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 83 சதவீதம் பேர் அதற்கு ஆளானவர்கள். 2014இல் எபோலா பரவியபோது இத்தகைய சடங்குகளுக்குத் தடை வந்தது. இப்போது சில ஊர்களில் கத்தியை மட்டும் விலக்கிவிட்டு, பாட்டையும் ஆட்டத்தையும் பயிற்சியையும் வைத்துக்கொண்டு 'குருதியில்லாச் சடங்கு' நடத்துகிறார்கள். கத்தி பிடித்த மூத்த பெண்களுக்கு அதுவே வருமானம், அதுவே அந்தஸ்து. அதனால் அவர்களுக்கு வேறு பிழைப்பு தேடிக்கொடுப்பதும் இந்த முயற்சியில் சேர்ந்துவிட்டது.