கணுக்காலுக்குத் திருகாணியா, நூலா?

பெரம்பலூர் பக்கம் வெங்காயக் காட்டு வரப்பில் கால் மடங்கினாலும், அரியலூரில் சிமென்ட் லாரியிலிருந்து குதித்து இறங்கும்போது பிசகினாலும், முதலில் காதில் விழும் சொல் ஒன்றுதான்: சுளுக்கு. எண்ணெய் போட்டு நீவி இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலான சுளுக்கு தானாகவே ஆறிவிடும். பெயர் நீவியவருக்குப் போகும்.

ஆறாத வகை ஒன்று உண்டு. பாதம் தரையில் ஊன்றி நிற்க உடம்பு திரும்பினால், கணுக்காலுக்குச் சற்று மேலே, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளான டிபியா, ஃபிபுலாவைப் பிணைத்திருக்கும் ஜவ்வு கிழியும். இவ்விரண்டும்தான் இடுக்கி போல, பாதத்தின் உச்சியில் இருக்கும் டாலஸ் எலும்பைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. டாலஸ் 1 மி.மீ. வெளியே நகர்ந்தாலே மூட்டில் எலும்புகள் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைவதை ராம்சே, ஹாமில்டன் இருவரும் 1976-இல் அளந்து காட்டினார்கள். அப்புறம் தேய்மானம்தான். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இந்த விலகல் தெரியாமலும் போகலாம். நாலு எட்டு வைக்க முடியாதவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடக் கூடாது.

இடுக்கி தளர்ந்துவிட்டால் அறுவை சிகிச்சை. பழைய வழி திருகாணி: மூட்டுக்கு 2, 3 செ.மீ. மேலே ஃபிபுலாவிலிருந்து டிபியாவுக்குள் ஒரு ஸ்க்ரூ, சிலருக்கு இரண்டு. விலை குறைவு, எலும்பு மருத்துவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் நடக்கும்போது அந்த எலும்புகள் இயல்பாகவே கொஞ்சம் அசையும்; ஸ்க்ரூ அசையவிடாது. அதனால் தளரும், சில நேரம் உடையும். முன்பு எல்லோருக்கும் சில மாதத்தில் கழற்றினார்கள். இப்போது தொந்தரவில்லை என்றால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

புதியது, எலும்பில் துளையிட்டு உறுதியான நூலைக் கோத்து, இருபுறமும் சிறு உலோகப் பொத்தான் வைத்து இறுக்குவது. அசைவுக்கு இடம் தரும்; கழற்றும் தேவை குறைவு. நார்வேயில் 97 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டு கழித்து நூல் போட்டவர்களின் கால்தான் மேலாக இருந்தது. விலைதான் உதைக்கிறது. ஆனாலும் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு, ஸ்க்ரூவைக் கழற்ற இன்னொரு தடவை படுத்தால் போகிற கூலியும் கணக்கில் வர வேண்டும். எதைப் போட்டாலும் எலும்பு சரியான இடத்தில் உட்காரவில்லை என்றால் இரண்டும் வீண்.

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். சிக்கல் என்னவென்றால், வீங்கிய கணுக்காலில் உடனே கத்தி வைக்க மாட்டார்கள். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழ ஒரு வாரம்கூட ஆகலாம். ஆகவே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.