பெரிய டயர் மாட்டினால் கியரும் மாறும்: ஆஃப்-ரோடு வண்டிகளில் நடப்பது என்ன?

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். அப்பல்லோ டயர்ஸ் ஆலை 2010-லும், பாரத்பென்ஸ் டிரக்குகளைத் தயாரிக்கும் டெய்ம்லர் ஆலை 2012-லும் இங்கே வந்தன. ஒரு ஆலையில் டயர் உருவாகிறது. இன்னொரு ஆலையில், எந்த டயருக்கு எந்த கியர் என்று கணக்குப் போட்டு வண்டி உருவாகிறது.

ஆனால், ஜீப் வகை வண்டி வாங்கிய கையோடு பலர் முதலில் கை வைப்பது அந்தக் கணக்கில்தான். “பெரிய டயர் போட்டா செம கெத்து” என்று மாட்டுகிறார்கள். கொஞ்ச நாளில், “என்னப்பா, பழைய பிக்கப்பே இல்லையே?” என்று மெக்கானிக்கிடம் போய் நிற்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது?

டயர் எவ்வளவு பெரிதாகிறது?

2020-ல் வந்த மஹிந்திரா தாரின் ஏஎக்ஸ் வகையில் இருந்த டயர் அளவு 245/75 ஆர்16. இதில் 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். டயரின் பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 774 மி.மீ.

அதே ரிம்மில் 285/75 ஆர்16 மாட்டினால் உயரம் சுமார் 834 மி.மீ. ஆஃப்-ரோடு பிரியர்கள் ‘33 இன்ச்’ என்று சொல்வது இந்த அளவைத்தான். வித்தியாசம் 60 மி.மீ., அதாவது 7.75 சதவீதம். கேட்க சின்னதாகத்தான் இருக்கும். ஆனால், வண்டியின் எல்லா கியரையும் இது மாற்றிவிடுகிறது.

இழுவை ஏன் குறைகிறது?

எஞ்சினின் திருகுவிசை கியர்பாக்ஸ் வழியாகவும், அச்சில் உள்ள கிரவுன் - பினியன் வழியாகவும் பெருகித்தான் சக்கரத்துக்கு வருகிறது. கடைசியில் தரையைத் தள்ளுவது டயர். சக்கரத்தின் மையத்திலிருந்து தரை எவ்வளவு தூரமோ, அந்த அளவுக்குத் தள்ளும் விசை குறையும். அந்த வகையில் டயரும் ஒரு கியர்தான், கடைசி கியர்.

கியர் சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது கனமான கியரில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? ஒரு மிதிக்கு அதிக தூரம் போகும், ஆனால் மிதிக்கவே முடியாது. பெரிய டயரும் அதேதான். நம் உதாரணத்தில் ஒவ்வொரு கியரிலும் இழுவை சுமார் 7 சதவீதம் குறைகிறது. டயரின் எடையும் கூடுவதால், அதைச் சுழற்றவே எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். ஏற்றத்தில் வண்டியை எடுக்க ஹாஃப் கிளட்ச்சில் அதிக நேரம் நிற்க வேண்டிவரும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும்.

ஸ்பீடோமீட்டர் சொல்வது உண்மையா?

சக்கரமோ அச்சோ எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் வேகம் கணக்கிடப்படுகிறது. டயர் மாறியது அதற்குத் தெரியாது. பழைய டயரில் மீட்டர் மிகச் சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 80 காட்டும்போது உண்மையான வேகம் 86 கி.மீ.!

ஓடோமீட்டர் 10,000 கி.மீ. காட்டும்போது வண்டி 10,775 கி.மீ. ஓடியிருக்கும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புவதில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான். ஆயில் மாற்றும் கெடுவும் தெரியாமலேயே தள்ளிப்போகும்.

பிரேக்கில்தான் ஆபத்து

இழுவைக்கு உள்ள கணக்கு பிரேக்குக்கும் பொருந்தும். பெடலை அதே அளவு மிதித்தால், தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை சுமார் 7 சதவீதம் குறைவு. அதே நேரம், மீட்டர் 80 காட்டும்போது 86-ல் போகும் வண்டியின் இயக்க ஆற்றல் 16 சதவீதம் அதிகம். முன்னால் போகும் கன்டெய்னர் லாரி திடீரென நின்றால், இந்த இரண்டும் சேர்ந்துதான் கணக்குத் தீர்க்கும்.

அப்போ பெரிய டயரே வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. சஸ்பென்ஷனை உயர்த்தினால் பாடி மட்டும்தான் உயரும். அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் அதே உயரத்தில்தான் இருக்கும். சாதாரண அச்சு உள்ள வண்டியில் அதைக் கல்லில் இடிக்காமல் காப்பாற்றுவது பெரிய டயர்தான். நம் உதாரணத்தில் 30 மி.மீ. கூடுதல் இடைவெளி கிடைக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறுவதும் எளிது.

கம்பெனிகள் பெரிய டயர் கொடுக்கும்போது கியரையும் சேர்த்தே மாற்றுகின்றன. அமெரிக்காவில் ஜீப் ரேங்லர் ஜேஎல் வந்தபோது சாதாரண ‘ஸ்போர்ட்’ வகையின் அச்சு விகிதம் 3.45. சுமார் 33 இன்ச் டயருடன் வந்த ‘ரூபிகான்’ வகைக்கு 4.10. சுரங்க டிப்பர்களில், வீல் ஹப்புக்குள்ளேயே இன்னொரு கியர் வைக்கும் ‘ஹப் ரிடக்‌ஷன்’ முறை உண்டு. டெய்ம்லரின் ஜெர்மன் தயாரிப்பான உனிமோக், ஹப்பில் கியர் வைத்து அச்சையே சக்கர மையத்துக்கு மேலே தூக்கிவிடுகிறது.

நம் வண்டிக்கும் இதே சூத்திரம்தான்: பழைய அச்சு விகிதத்தை, டயர் வளர்ந்த விகிதத்தால் பெருக்க வேண்டும். விகிதம் 4.0 என்றால், அது 4.31 ஆக வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால், 4x4 போட்டதும் அச்சுகள் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-ன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஜனவரி 2019-ல் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதியை மீறி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

டயர் கடைக்குப் போகும் முன், உங்கள் மாடலுக்குக் கம்பெனி எந்தெந்த அளவுகளைக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். 2020-ல் வந்த தாரிலேயே எல்எக்ஸ் வகைக்கு 255/65 ஆர்18 இருந்தது. 245/75 ஆர்16-ஐ விட இதன் உயரம் 15 மி.மீ. மட்டுமே அதிகம். அதற்கு மேல் போக ஆசைப்பட்டால், டயர் விலையோடு கியர், பிரேக், மீட்டர் செலவையும் கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் விலையில் அவை இருக்காது.