பையில் அடங்கும் பல்கருவி தோட்டத்திற்கு ஏற்றதா?

காரமடை வட்டாரத்தில் கறிவேப்பிலை, வாழை, காய்கறி என எதைப் பயிரிட்டிருந்தாலும், காலையில் தோட்டத்தைச் சுற்றி வரும் விவசாயிக்குக் கருவி ஒன்று அடிக்கடி தேவைப்படும். கொடுவாள் கையில் இருந்தால் திருப்புளி மோட்டார் அறையில் இருக்கும். கத்தி, இடுக்கி, திருப்புளி மூன்றும் மடங்கிச் சட்டைப் பையில் அடங்கும் பல்கருவி இந்தக் குறையை ஓரளவு போக்குகிறது.

மடக்குக் கத்தியில் பல கருவிகளைச் சேர்ப்பது புதிதன்று. சுவிட்சர்லாந்தில் 1890களிலேயே படைவீரர்களுக்கு அத்தகைய கத்தி வழங்கப்பட்டது. முழு அளவு இடுக்கியை நடுவில் வைத்த கருவியை அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1983ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தோட்ட வேலைக்கு இந்த இடுக்கியே முக்கியம். வேலிக் கம்பியை முறுக்கவும், வடிகட்டி மூடியின் இறுகிய திருகைப் பிடிக்கவும் வெறும் கத்தி உதவாது.

சொட்டுநீர்க் குழாயை நேராக வெட்டிப் புது இணைப்பு கொடுக்கக் கத்தி போதும். ஆனால் குழாயில் துளையிட அதற்குரிய துளைப்பானே வேண்டும். கத்தி முனையால் குத்தினால் துளை கிழிந்து நீர் கசியும். தெளிப்பான் மூக்கின் அடைப்பையும் இதன் ஊசியால் குத்தலாகாது. துளை அகன்றால் மருந்தளவே மாறிவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். வாயால் ஊதுவது உயிருக்கே கேடு.

மோட்டார் ஸ்டார்ட்டர், பியூஸ் பக்கம் இக்கருவியைக் கொண்டுபோகவே கூடாது. பிடி முழுவதும் இரும்பு, மின்காப்பு கிடையாது. மும்முனை மின்சாரம் 415 வோல்ட். ஈரக்காலுடன் நிற்பவருக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, காப்புறை போட்ட கட்டிங் பிளேயர் அங்கே தனியாக இருக்கட்டும். அதைக் கையில் எடுப்பதற்கு முன்பும் மெயின் சுவிட்சை அணைப்பது அவசியம்.

பதினைந்து உறுப்புகள் உள்ளதென்று விலை கூடியதை வாங்க வேண்டியதில்லை. கத்தி, இடுக்கி, திருப்புளி உறுதியாக இருந்தால் சிறு விவசாயிக்குப் போதும். கடையிலேயே இடுக்கியை மூடி வெளிச்சத்தில் பார்க்கவும். முனைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். விரித்த கத்தி ஆடக்கூடாது. பூட்டு இல்லாத கத்தி, முனையை அழுத்தும்போது மடங்கி விரலை வெட்டும். துருப்பிடிக்காத எஃகு உரத்தையும் ஈரத்தையும் தாங்கும். கார்பன் எஃகு சாணைக்கல்லில் எளிதில் கூராகும். ஆனால் துடைக்காமல் வைத்தால் துருவேறும்.

நோயுற்ற செடியை வெட்டிய கத்தியால் அடுத்த செடியை வெட்டுமுன் அலகை ஸ்பிரிட்டால் துடைக்கவும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் துடைத்தால் உடனே நல்ல நீரில் கழுவி உலர்த்த வேண்டும், இல்லையேல் எஃகு அரித்துவிடும். கீல்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்து கீல் இறுகும்.