ஏழு கடல் தாண்டி இருக்கும் உயிர்

பெங்களூர் அலசூரை அடுத்தது மர்பி டவுன். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. அங்கே ஒரு வீட்டில் மிக்ஸி கெட்டுப்போனால் என்ன செய்வார்கள்? பழுது பார்க்கும் கடையில் கொடுப்பார்கள். மிக்ஸி செய்த கம்பெனியே மூடிப்போனாலும் கவலை இல்லை. பழுது நீங்கி, மின்சாரம் இருந்தால் போதும். மிக்ஸி ஓடும்.

இப்போது வரும் சில பொருள்கள் அப்படி அல்ல. வாசலைக் கண்காணிக்கும் கேமரா, பேச்சைக் கேட்டு எரியும் விளக்கு ஆகியவற்றில் பல தாமாக வேலை செய்வதில்லை. அவை இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர்களை நம்பி இருக்கின்றன. கேமரா எடுத்த படமும் அங்கேதான் சேருகிறது. இதைக் ‘கிளவுட்’ என்கிறார்கள். கிளவுட் என்றால் மேகம். ஆனால் அது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கிறது.

பாட்டி சொல்லும் கதையில் அரக்கனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளியிடம் இருக்கும். இந்தப் பொருள்களும் அப்படித்தான். உடல் வீட்டில் இருக்கிறது. உயிர் கம்பெனியிடம் இருக்கிறது.

கம்பெனி சேவையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

நம் நாட்டில் 2017இல் ஜியோபோன் வந்தது. முன்பணம் 1,500 ரூபாய். ஜியோ சிம் மட்டுமே அதில் வேலை செய்யும். 2018இல் அதில் வாட்ஸ்அப் வந்தது. அந்தப் போன் ‘கை ஓ.எஸ்.’ என்ற மென்பொருளில் இயங்குவது. அந்த வகைப் போன்களுக்கு 2025 தொடக்கம் வரைதான் சேவை என்று வாட்ஸ்அப் 2024இல் அறிவித்தது. போன் உடையவில்லை. பட்டன் தேயவில்லை. ஆனாலும் வாட்ஸ்அப்புக்குக் கெடு வந்துவிட்டது.

அமெரிக்காவில் இன்னும் மோசம். ‘ரிவால்வ்’ என்ற கருவி வீட்டு விளக்குகளை இயக்கியது. விலை 300 டாலர். அந்தக் கம்பெனியை 2014இல் நெஸ்ட் என்ற கம்பெனி வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. கருவி வெறும் டப்பா ஆனது.

எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும், தவணையில் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்க வேண்டும்:

1. இன்டர்நெட் இல்லாவிட்டால் இது வேலை செய்யுமா?
2. மாதச் சந்தா உண்டா? கட்டாவிட்டால் எது நிற்கும்?
3. கேமரா என்றால், மெமரி கார்டிலும் படம் பதிவாகுமா?
4. எத்தனை ஆண்டு சேவை? அது எழுத்தில் இருக்கிறதா?

பெட்டியில் உள்ளதைப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லலாம். பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். சொன்னபடி சேவை கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அப்போது அந்தப் பில்தான் சாட்சி.