மலை வளைவில் தளரும் பெல்ட்

திருத்தணி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “குழந்தைக்கு சீட் வாங்கி, பின் இருக்கையில் வைத்து, கார் பெல்ட்டாலேயே இறுக்கிக் கட்டுகிறேன். மலைக்கோயிலுக்குப் போய் இறங்கினால் சீட் ஆடுகிறது. ஆனால் வழியில் சரிவான இடத்தில் நிறுத்தி மறுபடி கட்டலாம் என்றால், பெல்ட்டை இழுக்கவே முடியவில்லை. பெல்ட் கெட்டுவிட்டதா?”

கெடவில்லை. தளர்வதும் சிக்கிக்கொள்வதும் ஒரே பொறியின் இரண்டு குணங்கள். அந்தப் பொறி அவ்வளவு அழகானது. பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. பெல்ட் சுருண்டு கிடக்கும் பெட்டிக்குள் ஒரு வில், ஒரு பல்சக்கரம், ஆழமில்லாத ஒரு குழி, அந்தக் குழியில் ஒரு சிறு எஃகு உருண்டை. அவ்வளவுதான்.

பணியாரச் சட்டியின் ஒரு குழியில் நெல்லிக்காயைப் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடந்தால் காய் குழியின் அடியிலேயே கிடக்கும். சட்டென்று நின்றால் அது முன்பக்கச் சுவரில் ஏறும். இடப்பக்கம் வெட்டினால் வலப்பக்கம் ஏறும். எந்தத் திசை என்று யாரும் அதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குழி வட்டமாக இருப்பதே போதும். இப்போது காயின் தலையில் ஒரு கரண்டியை லேசாகப் படுக்க வையுங்கள். காய் ஏறும்போதெல்லாம் கரண்டியும் உயரும். அந்தக் கரண்டியின் நுனிதான் பல்சக்கரத்தில் போய் மாட்டி, பெல்ட் மேற்கொண்டு அவிழாமல் நிறுத்துகிறது. குழி ஆழமாக இருந்தால் காய் ஏறத் தயங்கும், பூட்டு தாமதமாகும். தட்டையாக இருந்தால் தொட்டதற்கெல்லாம் பூட்டும். பொறியாளரின் திறமை முழுக்க அந்தக் குழியின் வளைவில் இருக்கிறது. இன்னொன்று: நடக்கவே வேண்டாம், சட்டியைச் சாய்த்தாலே காய் நகர்ந்துவிடும். வேகம் குறைவதையும் தரை சாய்வதையும் நெல்லிக்காயால் பிரித்தறிய முடியாது.

வாசகரின் இரண்டாவது புதிர் இங்கேயே தீர்ந்தது. ஐ.நா.வின் சீட் பெல்ட் விதி எண் 16-இன்படி, பெட்டி 12 பாகை வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது. 27 பாகைக்கு மேல் சாய்ந்தால் பூட்டியே ஆக வேண்டும். இடைப்பட்டது தயாரிப்பாளரின் விருப்பம். சரிவில், அதுவும் ஒரு சக்கரம் மேட்டில் ஏறி நிற்கும்போது, உருண்டை சுவரேறிப் பூட்டிவிடுவதில் வியப்பில்லை.

முதல் புதிருக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். அதே விதி, வேகம் குறையும் வீதம் 0.45 ஜி-யை (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) எட்டினால் பூட்ட வேண்டும் என்கிறது. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். பக்கவாட்டு முடுக்கம் சுமார் 0.31 ஜி. பூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சீட்டும் குழந்தையும் ஒரு பக்கமாகச் சாய அது தாராளம். சாயும் சீட் பெல்ட்டை மெல்ல இழுக்கிறது, பெட்டி மெல்ல விட்டுக்கொடுக்கிறது. பெரியவர்கள் குனியவும் திரும்பவும் வசதியாக இருக்கட்டும் என்றே அப்படி வடிவமைத்தார்கள். விட்டுக்கொடுத்த நீளத்தை உள்ளிருக்கும் வில் திரும்ப இழுக்க வேண்டும். ஆனால் சீட்டின் துளைகளிலும் கொக்கியிலும் வளைந்து வளைந்து வரும் பட்டையை இழுக்க அந்த வில்லுக்கு வலு போதாது. தளர்வு இடுப்புப் பகுதியில் தங்கிவிடுகிறது.

பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து, அது நின்றதும் ‘சரியாக இருக்கிறது’ என்று நினைக்கிறோம். அது நிற்பது வேறொரு பூட்டால்; பட்டை வேகமாக ஓடினால் மட்டும் பிடிப்பது அது. சீட் இறுக்கமாக இருக்கிறதா என்பதற்கு அந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

மோதினால்தான் பூட்டிவிடுமே, கொஞ்சம் தளர்ந்தால் என்ன? மணிக்கு 50 கி.மீ.யில் போகும் கார் மோதி, முன்பகுதி நசுங்கி, அரை மீட்டரில் நிற்பதாகக் கொண்டால் சராசரி வேகத்தடை சுமார் 20 ஜி. பெல்ட்டில் 5 செ.மீ. தளர்வு இருந்தால், சீட் அந்த இடைவெளியைக் கடந்து பெல்ட்டில் போய் முட்டும்போது காருக்கும் அதற்கும் இடையே 16 கி.மீ. வேக வித்தியாசம் வந்திருக்கும். 10 செ.மீ. என்றால் 22 கி.மீ. குழந்தைக்கு அது இரண்டாவது மோதல். மடியில் வைத்திருந்தால்? அதே 20 ஜி-யில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவைத் தாங்கும் கை வேண்டும். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, முன் இருக்கையில் அம்மா மடியில் குழந்தையை வைத்துத் திரும்பும் குடும்பங்கள் தயவுசெய்து இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

வரலாறு சுருக்கமாக: மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வோல்வோவுக்காக நில்ஸ் போலின் தந்தார். 1964-இல் பெர்டில் ஆல்ட்மன், அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து கிடந்ததைப் பார்த்து, பின்னோக்கிய குழந்தை சீட்டைச் சோதித்தார். இருவரும் ஸ்வீடன்காரர்கள்.

இனி கட்டும் முறை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பெல்ட் போகும் வழி பெரும்பாலான சீட்டுகளில் நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும்: குழந்தை பின்னோக்கி அமர நீலம், முன்னோக்கி அமர சிவப்பு. பட்டை முறுக்கிக்கொள்ளாமல் அந்த வழியில் கோத்து, கொக்கியை மாட்டுங்கள். கொக்கியின் தண்டு சீட்டின் விளிம்பில் மடங்கி நிற்கக் கூடாது. முன்னோக்கிய சீட் என்றால் முழங்காலை ஊன்றி, பின்னோக்கியது என்றால் கையால் அழுத்தி, முதலில் இடுப்புப் பட்டையை இழுத்து, மிச்சத்தைத் தோள் பட்டை வழியாகப் பெட்டிக்குள் அனுப்புங்கள். சீட்டிலேயே பட்டையைக் கவ்வும் பூட்டு இருந்தால் அதை மூடுங்கள். வாசகரின் சிக்கலுக்கு மருந்து அந்தப் பூட்டுதான். வாங்கும்போதே அது இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து விட்டால் டிக் டிக் என்று உள்ளே போய், பிறகு வெளியே வராமல் நிற்கும். அமெரிக்கக் கார்களில் இது சாதாரணம்; உங்கள் காரில் உண்டா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடலாம். கடைசியாக, பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள். இரண்டரை செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ தகுந்த சீட்டோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. சீட் எங்கே என்று கேட்டு வண்டியை நிறுத்தும் போலீசார் குறைவு. 2023-இல் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் மோதல் சோதனையின் நட்சத்திரங்களை மட்டும் விளம்பரங்கள் ஓயாமல் காட்டுகின்றன. குழந்தைப் பாதுகாப்புக்கு அதில் உள்ள 49 மதிப்பெண்களில் மோதலுக்கானவை, சீட்டை முறைப்படி பொருத்தி, ஒன்றரை வயது, மூன்று வயது பொம்மைகளை அதில் உட்கார வைத்துப் பெற்றவை. மடியில் இருக்கும் குழந்தைக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. பெல்ட் இல்லாமலே சீட்டைக் காரோடு நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் நல்லவைதான். ஆனால் அவை இல்லாத பழைய கார் வைத்திருப்பவர் அஞ்ச வேண்டாம். சரியாகக் கட்டிய பெல்ட்டும் குழந்தையைக் காக்கும்.

மலையிலிருந்து இறங்கியதும், திருப்பதி–சென்னை நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும் முன், சீட்டை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அங்கேயே ஓரமாக நிறுத்தி, மறுபடி இறுக்கிவிட்டுப் போங்கள்.