மணப்பாறை: காவிரி எட்டாத ஊர்

திருச்சி மாவட்டம்னு சொன்னாலே காவிரி, மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம்தான் நினைவுக்கு வரும். திருச்சியிலிருந்து திண்டுக்கல் சாலையில் ஏறக்குறைய 40 கி.மீ. வந்தால் அந்தப் பச்சை காணாமல் போய்விடும். வேலிக்கருவை, புஞ்சைக்காடு, ஆங்காங்கே தலைநீட்டும் பாறை. எங்க ஊரு மணப்பாறை இதுதான். பேரிலேயே பாறை இருக்கு, சும்மா இல்லை. 2019 அக்டோபரில் பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்தபோது, பக்கவாட்டில் குழி தோண்ட வந்த பெரிய இயந்திரங்களே இந்தப் பாறையிடம் திணறியதை நாடே பார்த்தது.

ஊருக்கு இரண்டு பெருமை: மாடு, முறுக்கு. இரண்டுமே இந்த வறட்சி கொடுத்தது என்பது என் கட்சி.

முதலில் மாடு. 1957-ல் வந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்தில் அ. மருதகாசி எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய உழவுப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். அதில் மாட்டுக்கு மணப்பாறையும் ஏருக்கு மாயவரமும் வரும். நான் ரொம்ப நாள் அதை வெறும் மோனைனுதான் நினைச்சிட்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கிறது. டெல்டாவில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். மாடு மேய இடம் கம்மி. மேய்ச்சல் நிலம் இருந்தது நம்மள மாதிரி மானாவாரிச் சீமையில்தான். அங்கே வயல், இங்கே மாடு. நடுவில் ஒரு சந்தை தேவைப்பட்டது.

சந்தை செவ்வாய்க்கிழமையே களைகட்டி புதன்வரை போகும். அங்கே மாட்டுக்கு ஆதார் கார்டு அதன் வாய்தான். கீழ்த்தாடையில் முன்பக்கம் எட்டுப் பல்; மேலே முன்பல்லே கிடையாது. ஏறக்குறைய இரண்டு வயசில் பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைக்கும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று எண்ணி வயசைச் சொல்லிவிடுவார்கள். எட்டும் முளைத்துவிட்டால் கடைசேர்ந்த மாடு. அதற்கப்புறம் பல் தேய்மானத்தை வைத்து ஒரு உத்தேசம்தான். சுழி பார்ப்பது தனிக் கலை. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் விலை அதில்தான் இறங்கும்!

பேரம் துண்டுக்கடியில். தரகர் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்தே விலை சொல்வார். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் தெரியாது. அயர்லாந்தில் பாலினஸ்லோ என்று ஒரு சின்ன ஊர். அக்டோபர் மாசக் குதிரைச் சந்தைக்குப் பேர்போனது. அங்கே எல்லார் முன்னாடியும் உள்ளங்கையில் பளார்னு தட்டித்தான் பேரம் முடிப்பார்களாம். நம்மாளுங்க கொஞ்சம் அழுத்தக்காரங்க.

டிராக்டர் வந்தபின் உழவுமாடு தேடி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். எங்க தாத்தா வண்டிமாட்டை வித்த பிறகு வீட்டில் கட்டுத்தறி மட்டும் ரொம்ப நாள் நின்றது. இப்போது சந்தையில் கறவை மாடும், அடிமாடு வாங்க வரும் கேரள வியாபாரிகளும்தான் அதிகம்.

முறுக்குக்கு வருவோம். திருச்சி - மதுரை ரயில்பாதை 1875-ல் வந்தது. வழியில் இருந்த இந்த ஊரின் பிளாட்பாரத்தில் விற்ற பலகாரம்தான் ரயிலேறி ஊர்ஊராகப் போனது. அரிசி மாவு, எள், சீரகம், ஓமம், பெருங்காயம், உப்பு. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீரின் லேசான உப்புக்கரிப்புதான் ருசி என்று ஊரில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ரகசியம் அடுப்பில் இருக்கிறது: இரண்டு தடவை வேகவைக்கிறார்கள். அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவைத்து, மறுபடி எண்ணெயில் போடுவார்கள். ஆறும் நேரத்தில் உள்ளே தங்கிய ஈரம் மேலே வரும்; இரண்டாம் வேக்காடு அதையும் விரட்டிவிடும். அதனால்தான் மொறுமொறுப்பு நாள்கணக்கில் நிற்கிறது. ரயிலில் விற்கிற பண்டத்துக்கு வேறென்ன வேணும்?

2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி கண்ட ஊரில் பிழிந்ததை இந்தப் பேரில் விற்பது சட்டப்படி தப்பு. சந்தோஷம்தான். ஆனால் பேருக்குக் கிடைத்த காப்பு, அடுப்பனலில் உட்கார்ந்து அச்சுப் பிழிகிற பெண்களின் கூலிக்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் வீட்டுத்தொழில், கைவேலை. அவர்கள் பிள்ளைகள் திருச்சிக்கும் சென்னைக்கும் படிக்கப் போய்விட்டார்கள், நான் போன மாதிரியே. சித்திரையில் வேப்பிலை மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவோம். போகும்போது ஆளுக்கு நாலு பாக்கெட் முறுக்கு.